62 எம்பி டிராயிங் திறக்க மறுக்கும்போது

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம். ஆறு மாதமாக வரைந்துவந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கோப்பு, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் செய்தது, திங்கள்கிழமை காலை ‘டிராயிங் ஃபைல் இஸ் நாட் வேலிட்’ என்று சொல்லிவிட்டது. அளவு 62 எம்பி. கெட்ட கோப்பை மீட்கும் ரெக்கவர் கட்டளை கொடுத்துப் பார்த்தீர்கள், பலிக்கவில்லை. தகவல் மீட்டுத் தரும் கடை ஒன்று 15,000 ரூபாய் கேட்கிறது, உத்தரவாதம் தரவில்லை. பணம் கொடுக்கலாமா, இனிமேல் இப்படி நடக்காமல் கோப்புகளை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டு கேள்விகள். ஆனால் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று: அந்தக் கோப்புக்குள் இப்போது எதாவது மிச்சம் இருக்கிறதா? அதற்கு விடை தெரியாமல் கடைக்காரருக்கும் பணம் கொடுக்க முடியாது, எந்த வைத்தியமும் பார்க்க முடியாது.

நான் ஐடிஐயில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவன். டிரேசிங் ஷீட்டில் ரோட்ரிங் பேனாவோடு தொடங்கி, தப்பான கோட்டை அரை பிளேடால் சுரண்டி எடுத்துப் பழகியவன். ஆட்டோகேட் 14ஆம் வெளியீட்டில் திரைக்கு மாறினேன். இப்போது ஒரு கட்டமைப்புப் பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பதுதான் வேலை. ஆகவே நான் சொல்வதெல்லாம் ஆட்டோகேட் எழுதும் டிடபிள்யூஜி கோப்புக்குத்தான் பொருந்தும். ரெவிட், ஸ்கெட்ச்அப் போன்ற வேறு மென்பொருள்களின் கோப்புகளில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் இருப்பது. கெட்டுப்போன கோப்பையும், அதே கோப்புறையில் அதே பெயரில் பிஏகே என்ற பின்னொட்டுடன் இருக்கும் கோப்பையும் வேறொரு வட்டுக்கு நகல் எடுத்துவிட்டு, இனி நகலில் மட்டும் கை வையுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆட்டோகேட் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய நிலையைத்தான் பிஏகே ஆக்கி வைக்கிறது. கெட்ட கோப்பை அரைகுறையாகத் திறந்து, அவசரத்தில் இரண்டு முறை சேமித்துவிட்டால் நல்ல பிஏகே போய், கெட்டதே பிஏகே ஆகிவிடும். கையில் இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு வைத்தியரைத் தேடுகிற கதை இது. பலரும் இந்த இடத்தில்தான் கோப்பை உண்மையில் இழக்கிறார்கள்.

அடுத்து, நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், முப்பது விநாடி வேலை. நல்ல டிடபிள்யூஜி கோப்பாக இருந்தால் உள்ளே புரியாத குறிகள் குவிந்து கிடக்கும், ஆனால் முதல் ஆறு எழுத்துகள் மட்டும் படிக்கும்படி இருக்கும்: ஆங்கிலத்தில் ஏ, சி என்ற இரண்டு எழுத்துகள், அதைத் தொடர்ந்து நான்கு இலக்கங்கள். 1032 என்றால் 2018ஆம் ஆண்டு வடிவம். 1027 என்றால் 2013 வடிவம், 1024 என்றால் 2010, 1021 என்றால் 2007, 1018 என்றால் 2004, 1015 என்றால் 2000. இதிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடுவதுண்டு. உங்கள் கணினியில் இருப்பது 2016 வெளியீடு, கோப்பில் 1032 என்று இருக்கிறது என்றால் கோப்பு கெடவே இல்லை. யாரோ புதிய வெளியீட்டில் திறந்து சேமித்திருக்கிறார்கள். பழைய வெளியீடு அதற்கும் ‘நாட் வேலிட்’ என்றே சொல்லக்கூடும். ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூவில் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டு மடிக்கணினியில் அந்த டிராயிங்கைத் திறந்தார்களா என்று முதலில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நோட்பேடில் எதுவுமே தெரியவில்லை, வெற்றிடம்தான் ஓடுகிறது என்றால் நிலைமை வேறு. கோப்பின் அளவு 62 எம்பி என்றே காட்டும், உள்ளே முழுவதும் பூஜ்யங்கள். இதை நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டிய ஒரு கட்டடத்தின் அடித்தளத் திட்டம். பென் டிரைவில் இருந்த கோப்பை அதிலிருந்தே நேரடியாகத் திறந்து வேலை செய்து, சேமித்த கையோடு பென் டிரைவை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திரையில் சேமித்ததாகத்தான் காட்டியது. ஆனால் விண்டோஸ் வட்டில் இடத்தை ஒதுக்கிவிட்டு, உள்ளடக்கத்தை எழுதி முடிப்பதற்குள் நான் உருவிவிட்டேன். வீட்டில் செருகிப் பார்த்தால் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. உள்ளே ஒரு கோடு இல்லை. மின்வெட்டில் யுபிஎஸ் இல்லாத கணினி அணைந்தாலும், நெட்வொர்க் நடுவில் அறுந்தாலும் இதே கதி நேரலாம். இப்படிப்பட்ட கோப்பை எந்த மென்பொருளாலும் பழுதுபார்க்க முடியாது. இதை உறுதியாகச் சொல்கிறேன். பழுதுபார்க்க அங்கே பொருள் இல்லை. அதன் முந்தைய நகலைத் தேடுவது ஒன்றே வழி.

முதல் ஆறு எழுத்துகளும் சரியாக இருந்து, கீழே குறிகளும் நிறைய இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். டிடபிள்யூஜி கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு தரவுத்தளம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு பிளாக்குக்கும் (பல கோடுகளை ஒன்றாகக் கட்டி வைத்த கதவு, நாற்காலி போன்ற வடிவம்) ஓர் அடையாள எண் இருக்கும். எந்த எண் கோப்பின் எந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்லும் பதிவேடு தனியாக இருக்கும். கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் எங்கும் போய்விடவில்லை, யாருடையது எங்கே என்று சொல்லத்தான் ஏடு இல்லை. ரெக்கவர் கட்டளை செய்வது ஏறக்குறைய அந்த ஏட்டை மறுபடி எழுதும் வேலைதான். ஒரு சிக்கல்: 2004 வடிவத்திலிருந்து உள்ளடக்கத்தைச் சுருக்கி எழுதுகிறார்கள். சுருக்கிய பகுதிக்குள் சேதம் விழுந்தால் ஒரு கோட்டோடு நிற்காமல் அந்தப் பகுதி முழுவதையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆகவே ‘எழுத்துகள் தெரிகின்றன, எல்லாம் திரும்பிவிடும்’ என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நானும் கொடுக்கவில்லை.

இந்த நிலையில் நான் போகும் வரிசை இது. முதலில் பிஏகே கோப்பின் நகலை எடுத்து, பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறப்பேன். விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைத்திருந்தால் பெயர் மாற்றியதாக நினைப்பீர்கள், உண்மையில் மாறியிருக்காது. கோப்புறையின் காட்சி அமைப்பில் பின்னொட்டைத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். அது உதவவில்லை என்றால் தானியங்கிச் சேமிப்பு. எஸ், வி, டாலர் குறி என்று முடியும் கோப்புகள் அவை. எங்கே கிடக்கும் என்பது ஆப்ஷன்ஸ் சாளரத்தின் ஃபைல்ஸ் பக்கத்தில் எழுதியிருக்கும், பெரும்பாலும் விண்டோஸின் டெம்ப் கோப்புறை. யாரும் மாற்றாமல் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும். ஆனால் ஆட்டோகேடை முறையாக மூடினால் அந்தக் கோப்பை அதுவே அழித்துவிடும். நடுவில் முடங்கி விழுந்தால்தான் மிஞ்சும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நல்லபடியாக மூடிவிட்டுப் போயிருந்தால் அங்கே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அதற்கடுத்து நான் தேடுவது கணினியில் இல்லை, மனிதர்களிடம். இந்த டிராயிங் கடைசியாக யாருக்குப் போனது? மின்னஞ்சலில் ‘அனுப்பியவை’ பகுதியைப் பாருங்கள். கட்டமைப்புப் பொறியாளர், மின் ஒப்பந்தக்காரர், பிளம்பிங் ஆலோசகர், தளத்துப் பொறியாளரின் வாட்ஸ்அப். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளாட் எடுத்துத் தரும், அதாவது டிராயிங்கைப் பெரிய தாளில் அச்சிட்டுத் தரும் கடை. ஏ1, ஏ0 தாளில் பிரிண்ட் எடுக்க நாம் பென் டிரைவைக் கொடுத்தால் கடைப் பையன் அதை டெஸ்க்டாப்பில் நகலெடுத்துத்தான் திறப்பான், பிறகு அழிக்கவும் மாட்டான். மற்ற நாட்களில் எரிச்சல் தரும் அந்தப் பழக்கம், என் அடித்தளத் திட்டத்தை மீட்டுக் கொடுத்தது. இரண்டு நாள் பழைய கோப்பு, விட்டுப்போன திருத்தங்களை இரவோடு இரவாகப் போட்டு முடித்தேன். பிடிஎஃப் மட்டும் கிடைத்தாலும் தள்ளிவிட வேண்டாம். ஆட்டோகேட் 2017 முதல் பிடிஎஃப் இம்போர்ட் கட்டளை உண்டு. டிராயிங்கிலிருந்து நேராக எடுத்த பிடிஎஃப் என்றால் கோடுகள் கோடுகளாகவே வரும். லேயரும் (சுவர், கதவு என்று வகைவகையாகக் கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) பிளாக்கும் பெரும்பாலும் சிதைந்திருக்கும், அளவுகோலை ஒரு தெரிந்த நீளத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும், சில எழுத்துகள் வெறும் கீறல்களாக வரும். இருந்தாலும் வெள்ளைத் திரையிலிருந்து தொடங்குவதைவிடப் பல நாள் மிச்சம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் இது நடக்காது, அது வெறும் படம்.

நகல் எங்கும் கிடைக்கவில்லை என்றால் கெட்ட கோப்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். புதிய வெற்று டிராயிங் ஒன்றைத் திறந்து, இன்ஸர்ட் கட்டளையால் கெட்ட கோப்பை அதற்குள் கொண்டுவந்து பாருங்கள். நேராகத் திறக்க மறுத்த கோப்பு இந்தப் புழக்கடை வழியாக வந்துவிடுவதுண்டு. ஆனால் நாம் வரையும் இடமான மாடல் ஸ்பேஸில் இருப்பது மட்டுமே வரும், அச்சுக்கு அடுக்கி வைத்த லேஅவுட் தாள்கள் வராது. எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வெளியே இருக்கும் கோப்பைக் காட்டும் இணைப்பாக, இணைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. முழு ஆட்டோகேட் வைத்திருந்தால் பார்ஷியல் ஓபன் உண்டு, எல்லா லேயரையும் விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் ஏற்றலாம். எக்ஸ்ரெஃப்களோடு சேர்த்து மீட்க ரெக்கவர்ஆல். இவை எதுவும் எடுபடவில்லை என்றால் வேறொரு மென்பொருளிடம் கொடுப்பேன். ஓபன் டிசைன் அலையன்ஸ் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் கோப்பு மாற்றி ஒன்று உண்டு, மாற்றும்போதே தணிக்கையும் செய்யச் சொல்லலாம். பிரிக்ஸ்கேட் போன்றவற்றின் சோதனைப் பதிப்பிலும் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு மென்பொருளும் கோப்பைப் படிக்கும் விதத்தில் சிறு வேறுபாடு உண்டு. ஒன்று பிடிவாதமாக நிற்கிற இடத்தை இன்னொன்று கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். எது தாண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, முயன்றுதான் பார்க்க வேண்டும்.

சில கோப்புகள் திறந்துவிடும், ஆனால் திரையை மறுபடி வரைய ரீஜென் கட்டளை கொடுத்ததும் ஆட்டோகேட் விழுந்துவிடும். அப்போது குற்றவாளி ஒரே ஒரு பொருளாக இருக்கலாம். ஒரு வீட்டுத் திட்டத்தில் எனக்கு அப்படி நடந்தது. பார்ஷியல் ஓபனில் ஒவ்வொரு லேயராக ஏற்றினேன். சுவர், தூண், கதவு எல்லாம் ஒழுங்காக வந்தன, மரச்சாமான் லேயரை ஏற்றியதும் விழுந்தது. சுவர் முதலானவற்றை டபிள்யூபிளாக் கொடுத்துப் புதிய கோப்பாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். அந்த லேயரை அப்படியே விட்டிருக்கலாம், ஆனால் எனக்குத் தூக்கம் வராது. பாதிப் பகுதியை மட்டும் ஏற்றினேன், விழவில்லை. மீதியில் பாதி, விழுந்தது. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் அறுநூறு பொருள் இருந்தாலும் பத்துச் சுற்றுக்குள் ஒன்றில் வந்து நிற்கும். வந்து நின்றது ஒரு சோபா. இணையத்திலிருந்து எடுத்த பிளாக். மெத்தையின் தையல்கூடத் தனித்தனிக் கோடாக வரையப்பட்டிருந்தது. அது மூன்று படுக்கையறை வீட்டின் வரவேற்பறையில், 1:100 அளவில், தாளில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு அச்சாகும்.

டிஎக்ஸ்எஃப் என்ற, மென்பொருள்களுக்கு இடையே டிராயிங்கைப் பரிமாறும் வடிவத்தின் வழியையும் சொல்ல வேண்டும். எப்படியோ திறந்துவிட்ட கோப்பை டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்து, அதைப் புதிதாகத் திறந்து, மறுபடி டிடபிள்யூஜி ஆக்கினால் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த பல கோளாறுகள் உதிர்ந்துவிடும். அது எழுத்துக் கோப்பு என்பதால் தடுமாறினால் எந்த வரியில் தடுமாறியது என்றும் சொல்லும். எந்த வழியில் மீட்டிருந்தாலும் கடைசியில் பிழைகளைத் தேடித் திருத்தும் ஆடிட் கட்டளை கொடுத்து, பிழை பூஜ்யம் என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அதன் பிறகும் மீட்ட டிராயிங்கை நம்பித் தளத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். பழைய பிரிண்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, தூண் வரிசைக் கோடுகளான கிரிட்டை வைத்து, கிரிட் கிரிட்டாகப் பென்சிலால் டிக் அடித்து ஒப்பிடுங்கள். ஆடிட் ஒரு பொருளைச் சரிசெய்ய முடியாவிட்டால் அழித்துவிடும். அழிந்தது ஒரு நாற்காலியா, ஒரு தூணா என்று அதற்குத் தெரியாது.

கோப்பு எதுவும் கெடாமலே இந்த ஓட்டமெல்லாம் நடந்துவிடுவதும் உண்டு. டிடபிள்யூஎல் என்று முடியும் சிறு கோப்புகள் டிராயிங் பக்கத்தில் கிடந்தால், யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பூட்டு அது. கணினி முடங்கி அணைந்தால் பூட்டு மட்டும் மிஞ்சி, கோப்பு ‘படிக்க மட்டும்’ என்று திறக்கும். எவரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்துவிட்டு அந்தப் பூட்டுக் கோப்பை அழித்தால் சரியாகிவிடும். உங்கள் செய்தி இதுவல்ல, இருந்தாலும் அடுத்த முறை பதறாமல் இருக்க உதவும்.

இப்போது அந்த 15,000 ரூபாய். வட்டே பழுதாகி, கணினி அதை அடையாளம் காணவில்லை என்றாலோ டக் டக் என்று சத்தம் வருகிறது என்றாலோ அது நிபுணர் வேலை. உடனே கணினியை அணைத்துவிட்டுக் கொடுங்கள், கூலி நியாயம்தான். கோப்பு தவறுதலாக அழிந்திருந்தாலும் மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் எஸ்எஸ்டி வட்டில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துக்கொள்கிறது. உங்கள் வழக்கில் வட்டு நன்றாக இருக்கிறது, கோப்பும் இருக்கிறது, உள்ளே கெட்டிருக்கிறது. இதற்குக் கடைக்காரர் செய்யப்போவது பெரும்பாலும் நான் மேலே எழுதியதைத்தான், அல்லது ஏதோ ஒரு பழுதுபார்க்கும் மென்பொருளை ஓட்டுவதைத்தான். அப்படிப்பட்ட மென்பொருள்களில் மீட்டதை முன்னோட்டமாகக் காட்டுபவை உண்டு. திரையில் உங்கள் சுவர்களைக் காட்டிய பிறகு பணம் என்று பேசுங்கள். முகம் தெரியாத இணையதளத்தில் பதிவேற்றிப் பழுதுபார்க்கும் வழியை நான் தவிர்ப்பேன். அது வாடிக்கையாளரின் வீடு, உங்கள் சொத்து அல்ல.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு அடுக்குமாடியின் தளத் திட்டங்கள் 62 எம்பி இருக்க வேண்டிய காரணமே இல்லை. என் மேசைக்கு வரும் இத்தகைய டிராயிங் சுத்தமாக இருந்தால் இரண்டு, மூன்று எம்பியைத் தாண்டுவது அரிது. எடை கூடினால் கோப்பு கெட்டே தீரும் என்று நான் சொல்லவில்லை, அப்படி விதி எதுவும் கிடையாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: பெரிய கோப்பு சேமிக்க நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குள் மின்சாரமோ நெட்வொர்க்கோ போவதற்கு அவகாசம் கிடைக்கும். குப்பையைச் சுமந்துவரும் கோப்பு பிழையையும் சுமந்து வரும் என்பது என் அனுபவத்தில் பார்த்தது, நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கோப்பு பெரும்பாலும் முன்பே அறிகுறி காட்டியிருக்கும். பத்துக் கோட்டைத் தேர்ந்தெடுத்துக் காப்பி கொடுத்தால் அரை நிமிடம் சக்கரம் சுற்றியிருக்கும். அளவுகோல் பட்டியலைத் திறந்தால் ஒரே 1:100 பத்துப் பெயர்களில் நின்றிருக்கும்.

அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் மற்றவர்களின் டிராயிங்கிலிருந்து. நாலு ஆலோசகர்களின் கோப்புகளிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தால் அவர்களின் லேயர், பிளாக், அளவுகோல் பட்டியல் எல்லாம் கூடவே குடியேறும். கண்ணுக்குத் தெரியாத ரெக்ஆப் பதிவுகள் (துணை மென்பொருள்கள் விட்டுச்செல்லும் பெயர்கள்) ஆயிரக்கணக்கில் சேரும். பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் கட்டளையின் சாதாரண சாளரம் அவற்றைத் தொடாமல் விட்டுவிடும். பர்ஜ் என்பதற்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டுக் கட்டளை வரியில் கொடுத்தால் ரெக்ஆப் என்ற தேர்வு வரும். மைக்ரோஸ்டேஷன் என்ற இன்னொரு வரைபட மென்பொருளிலிருந்து வந்த டிராயிங்குகள் அதன் டிஜிஎன் கோட்டு வகைகளைக் கொண்டுவரும், பல எம்பி எடையின் ரகசியம் பலமுறை அதுவாகவே இருந்திருக்கிறது. புதிய வெளியீடுகளில் அநாதைத் தரவை நீக்கும் தேர்வு பர்ஜிலேயே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளுக்கு ஓவர்கில். அளவுகோல் பட்டியலை ரீசெட் செய்வது ஒரு நிமிடம். இவ்வளவையும் மாதம் ஒருமுறை, திட்டம் கைமாறும்போது ஒருமுறை செய்தால் போதும். தினமும் பர்ஜ் கொடுக்கும் பழக்கம் வேண்டாம், நாளைக்குத் தேவைப்படும் பிளாக்கையும் தூக்கி எறிந்துவிட்டு விழிப்பீர்கள்.

சர்வேயரின் டிராயிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் யுடிஎம் ஆயத்தில், அதாவது பூமியின் மேல் இடத்தை மீட்டரில் குறிக்கும் எண்களில் தருவார். சென்னையில் வடக்கு ஆயம் மட்டும் 14 லட்சம் மீட்டருக்கு மேல். நீங்கள் மில்லிமீட்டரில் வரைபவர் என்பதால் அதை ஆயிரத்தால் பெருக்கினால் கட்டடம் தொடக்கப் புள்ளியிலிருந்து 140 கோடி அலகுக்கு அப்பால் போய் உட்காரும். ஆட்டோகேட் எண்களை ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியத்தில்தான் வைத்திருக்கிறது. முழு எண்ணுக்கே பத்து இலக்கம் போய்விட்டால் மிச்சம் கொஞ்சம்தான். ஹேட்ச் நிரப்புக் கோடுகள் கோணல்மாணலாகும், புள்ளியைப் பிடிக்கும் ஸ்நாப் நடுங்கும், வட்டம் பிசிறடிக்கும். யுசிஎஸ்ஸை (நாம் வைத்துக்கொள்ளும் ஆய அச்சை) நகர்த்தினால் தீராது, அது பார்வையை மட்டும் மாற்றும், எண்கள் அதே எண்கள்தான். சர்வே டிராயிங்கை அதன் உண்மை ஆயத்திலேயே தனிக் கோப்பாக விட்டுவிட்டு, கட்டடத்தைத் தொடக்கப் புள்ளியின் அருகே வரைந்து, இரண்டையும் இணைக்கும் ஒரு புள்ளியைத் தாளிலேயே குறித்து வையுங்கள்.

கோப்பைப் பிரிப்பதில்தான் உண்மையான பலன். ஒரே டிராயிங்கில் எல்லாத் தளமும், எல்லா வெட்டுத் தோற்றமும், கதவு ஜன்னல் அட்டவணையும், மின் வேலையும் என்று வரிசையாகப் பரப்பி வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் ஊரில் முக்கால்வாசி அலுவலகம் அப்படித்தான், ஒரு கோப்பைப் பார்த்தால் போதும் என்ற வசதிக்காக. அதற்குப் பதில் கிரிட்டும் தூணும் ஒரு கோப்பு, ஒவ்வொரு மாதிரித் தளமும் ஒரு கோப்பு, அச்சுக்கான தாள்கள் தனிக் கோப்பு, எல்லாம் எக்ஸ்ரெஃப் வழியாக இணைந்தவை. ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும். எக்ஸ்ரெஃப் இணைக்கும்போது ஓவர்லே என்று கொடுங்கள். அட்டாச் என்று கொடுத்தால் அவர் இவரை இணைக்க, இவர் அவரை இணைக்க, பேரன் பேத்தி எல்லாம் கூடவே வந்து நிற்பார்கள். பாதையை ரிலேட்டிவ் ஆக வையுங்கள், சர்வரை மாற்றினாலும் இணைப்பு அறாது. வெளியே அனுப்பும்போது ஈடிரான்ஸ்மிட் கட்டளை எக்ஸ்ரெஃப், எழுத்துரு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுக்கும். அளவோடு செய்யுங்கள். ஆறு வீடுகள் உள்ள கட்டடத்துக்கு நாற்பது எக்ஸ்ரெஃப் போட்டு எந்தக் கோடு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெயர் வைப்பதில் ‘ஃபைனல்’ என்ற சொல்லைத் தடை செய்யுங்கள். ‘ஃபைனல் நியூ 2’ எந்த நாளுக்குரியது என்று எழுதியவருக்கே தெரியாது. நடப்புக் கோப்பின் பெயர் மாறாமல் இருக்கட்டும், எக்ஸ்ரெஃப் இணைப்பு அந்தப் பெயரை நம்பித்தான் இருக்கிறது. வெளியே போனதை மட்டும் தேதியும் திருத்த எண்ணும் போட்ட கோப்புறையில், பிடிஎஃப்போடு சேர்த்து, தொடக்கூடாதது என்று வைத்துவிடுங்கள். 2018இல் வந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலையும் வேலையில் இருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகத்தில் இருப்பது என்று இதையேதான் பிரிக்கிறது. மூன்று பேர் உள்ள அலுவலகத்துக்கு அந்தத் தரநிலை முழுவதும் தேவையில்லை, நான்கு கோப்புறை போதும்.

கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையில் நேரடியாக வேலை செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒருவர் மட்டும் என்றால் தாக்குப்பிடிக்கும். இருவர் ஒரே கோப்பைத் திறந்தால் ஆட்டோகேடின் பூட்டை அந்தச் சேவைகள் நம்பகமாக மதிப்பதில்லை, இரண்டு பதிப்புகள் உருவாகி ஒருவருடைய ஒரு நாள் வேலை போய்விடும். தவிர, ஒத்திசைவு என்பது காப்புநகல் அல்ல. இங்கே கெட்டது அங்கேயும் கெட்டதாகப் போய்ச் சேரும். பல சேவைகள் பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும், உங்கள் கோப்புக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், நாள் கடந்தால் அவை அழிந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் மாலை ஆறரைக்கு அன்றைய கோப்புறை சர்வரின் இன்னொரு வட்டுக்குத் தேதியிட்டுப் போகிறது, வெள்ளிக்கிழமை ஒரு வெளிவட்டில் எழுதி, பிடுங்கி, வேறு இடத்துக்கு எடுத்துப்போகிறோம். பிடுங்குவது முக்கியம், பிணைக்கோரும் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டும். வெளியிலிருந்து வரும் திட்டக் கோப்புறைகளில் எல்எஸ்பி, எஃப்ஏஎஸ் என்று முடியும் கோப்புகள் (ஆட்டோகேடுக்குள் ஓடும் நிரல்கள்) டிராயிங்கோடு சேர்ந்து கிடந்தால் அவற்றையும் சந்தேகியுங்கள். 2012இல் பெரு நாட்டில் பரவிய மெட்ரே என்ற நச்சுநிரல் அப்படித்தான் டிராயிங்குகளைத் திருடிச் சீன மின்னஞ்சல்களுக்கு அனுப்பியது.

இன்று மாலைக்குள் நீங்கள் செய்யக்கூடியது: இரண்டு கோப்பையும் நகலெடுங்கள், நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பிளாட் கடைக்கு ஒரு போன் போடுங்கள். அந்த எழுத்துகள் என்னவென்றும், உங்கள் ஆட்டோகேட் எந்த ஆண்டு வெளியீடு என்றும், பிஏகே கோப்பின் அளவும் தேதியும் என்னவென்றும் எழுதுங்கள். கோப்பு உள்ளே உயிரோடு இருந்தால் எந்த வழியில் முதலில் போவது என்று அடுத்துச் சொல்கிறேன். அதுவரை அந்தக் கடைக்காரரிடம் ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லி வையுங்கள்.